பெர்லினா, சின்ன ஊரா?

ஜெர்மனியில் மென்பொருள் வேலைக்கு வருபவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. ஆங்கிலத்திலேயே நடக்கும் பெர்லின் அலுவலகமா, ஸ்டுட்கார்ட்டைத் தாண்டி ஏதோ சின்ன ஊரில் எல்லாமே ஜெர்மனில் ஓடும் நிறுவனமா? எனக்கும் இரண்டும் கையில் இருந்தன. சின்ன ஊரைத்தான் எடுத்தேன், கேட்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

பெர்லினின் வசதிகள் தெரிந்தவைதான். கறிவேப்பிலை, தமிழ் நண்பர்கள், வேலை போனால் அதே ஊரில் இன்னொன்று. வாடகை வீடு கிடைப்பதுதான் பெரும்பாடு.

முடிவு செய்ய வேண்டியது மொழியை வைத்துத்தான். அலுவலகம் ஆங்கிலத்தில் ஓடினாலும் நாடு ஜெர்மனில்தான் ஓடுகிறது. வரி அலுவலகக் கடிதம், வாடகை ஒப்பந்தம், வருடம் முடிந்து வரும் ஹீட்டிங் கணக்கு என எதைப் பிரித்தாலும் ஜெர்மன். பெர்லினில் இதற்கெல்லாம் யாராவது உதவிக்குக் கிடைத்துவிடுவார்கள். அதனாலேயே 'அடுத்த மாதம் வகுப்பில் சேரலாம்' என்று வருடங்கள் போய்விடுகின்றன. சின்ன ஊரில் ரொட்டிக் கடையில் ஆரம்பித்து எல்லா இடத்திலும் வாய் திறந்தாக வேண்டும். படிக்கட்டைக் கூட்டும் முறை இந்த வாரம் நம்முடையது, ஞாயிற்றுக்கிழமை துளைபோடும் இயந்திரத்தை எடுக்கக் கூடாது என்பதையெல்லாம் பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லித்தருவார். அவரோடு பேசப் பேச வரும் ஜெர்மன் வகுப்பில் வராது. ஸ்டுட்கார்ட் பக்கத்து மக்கள் பேசும் ஸ்வாபிய வட்டார வழக்குதான் முதலில் திணறடிக்கும். அது பழகக் கொஞ்ச காலம் ஆகும்.

சட்டமும் இந்தப் பக்கம்தான். புளூ கார்டில் (படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான வேலை, குடியிருப்பு அனுமதி) இருப்பவருக்கு ஏ1 அளவு, அதாவது தொடக்க நிலை ஜெர்மன் இருந்தால் 27 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு உரிமை, அதிலிருந்து இரண்டு படி மேலான பி1 இருந்தால் 21 மாதத்தில். குடியுரிமைக்கு 2024 ஜூன் முதல் 5 ஆண்டு போதும், ஆனால் அதற்கும் பி1 வேண்டும்.

நான் தனியாக வந்தவன். கூட வரும் கணவருக்கோ மனைவிக்கோ ஆங்கிலத்திலேயே வேலை தேட வேண்டுமென்றால் பெர்லின் மேலாக இருக்கலாம். இரண்டு வருடத்தில் ஊர் திரும்பும் திட்டமுள்ளவரையும் நான் வற்புறுத்த மாட்டேன்.

சின்ன ஊர்தான் என்று முடிவெடுத்தால் சென்னை கோத்தே இன்ஸ்டிட்யூட்டில் ஏ2 வரையாவது முடித்துவிட்டுக் கிளம்புங்கள். அப்புறம், மொழி வகுப்புக் கட்டணத்தை நிறுவனம் ஏற்குமா, வேலை நேரத்தில் வகுப்புக்குப் போக விடுமா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள்.