வெளிநாட்டு நிருபரா, அந்த ஊர் நிருபரா?

குளச்சல், தூத்தூர் பக்கம் பல வீடுகளில் ஒருவராவது வளைகுடாவில் இருக்கிறார். அங்கே பதற்றம் என்றதும் யார் எழுதியதை நம்புவது என்று குழம்புகிறார்கள்.

வேகம்: அந்த ஊர் நிருபர் முந்துவார். மொழி தெரியும், தெரு தெரியும். வெளிநாட்டு நிருபர் வந்து சேரவே நாளாகும்.

துணிவு: உள்ளூர்க்காரருக்கு அரசின் கெடுபிடி அதிகம், வெளியாளுக்குக் கொஞ்சம் இடமுண்டு. 1930 மே 21, உப்புச் சத்தியாகிரகத்தின்போது குஜராத்தின் தராசனா உப்பளம். இந்தியப் பத்திரிகைகளைத் தணிக்கை நெரித்த நேரம். சத்தியாகிரகிகள் வரிசையாக நடந்தார்கள். தடியடி விழுந்தபோது தடுக்கக் கைகூடத் தூக்கவில்லை. விழுந்தவர்களை எடுத்துப் போனதும் அடுத்த வரிசை வந்தது. யுனைடெட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் நிருபர் வெப் மில்லர் நேரில் பார்த்து எழுதியது உலகமெங்கும் போனது.

பிழை: வெளியாளும் தவறுவார். 1933இல் உக்ரைன் பஞ்சத்தை நியூயார்க் டைம்ஸின் வால்டர் டுராண்டி மறுத்தார். கிராமம் கிராமமாக நடந்து பார்த்து உண்மையைச் சொன்ன பிரிட்டிஷ் நிருபர் கேரத் ஜோன்ஸும் வெளியாள்தான்!

சரி, எது யாருக்கு? மகன் இருக்கும் பகுதியின் நிலவரம் உடனே தெரிய வேண்டுமா, அந்த ஊர்ச் செய்தி. அங்குள்ள அரசு மறைப்பது தெரிய வேண்டுமா, வெளிநாட்டு நிருபர். ஆனால் செய்தியின் தொடக்கத்தில் எந்த ஊர்ப்பெயர் போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்; நிருபர் எங்கிருந்து எழுதினார் என்பதை அதுதான் சொல்லும்.