ஐப்பசியில் பறவை பார்க்க: தேரூரா, மணக்குடியா?

வடக்கேயிருந்து வரும் பறவைகளைப் பார்க்க நாகர்கோவில் பக்கம் ஒரே ஒரு காலைதான் கையில் இருக்கிறது என்றால் எங்கே போவது?

சுசீந்திரம் - தேரூர் குளங்களுக்குப் போவது சுலபம். கன்னியாகுமரி சாலையை ஒட்டியே இருக்கின்றன. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் இது. நல்ல தண்ணீர், தாமரை, சுற்றிலும் வயல். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்ற வாத்துகள் மிதந்து மேய இந்த ஆழம் வேண்டும். கும்பப்பூ என்கிற இந்தப் பருவ நெல் சாகுபடிக்கு வயலை உழும்போது டிராக்டருக்குப் பின்னாலேயே கொக்குகள் நடக்கும். ஆனால் தாமரை இலை மண்டிவிட்டால் பாதிப் பறவைகள் கண்ணில் படாது.

மணக்குடி வேறு உலகம். பழையாறு கடலில் சேரும் காயல், அலையாத்தி மரங்கள், அப்புறம் புத்தளம் பக்கத்து உப்பளங்கள். இங்கே தண்ணீர் கணுக்கால் அளவுதான், அதனால் சேற்றில் இரை தேடும் சிறு பறவைகளான உள்ளான்களுக்குக் கொண்டாட்டம். சேறு வெளியே தெரியும் நேரத்தில் போங்கள். கையளவு உள்ளான் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டே ஓடும், நிற்கும், சேற்றில் அலகைக் குத்தும், மறுபடி ஓடும். சைபீரியாவிலிருந்துகூட வருகிற உடம்பு அது! அருகில் போய் விரட்டாதீர்கள், அது தின்னும் ஒவ்வொரு புழுவும் திரும்பிப் போவதற்கான எரிபொருள். கடற்கரைப் பறவைகளான ஆலாக்களையும் இங்கேதான் நன்றாகப் பார்க்கலாம். சில வருடம் பூநாரைகளும் உப்பளத்தில் இறங்கும்.

நிழல் கிடையாது, ஒன்பது மணிக்கே உப்பின் வெளிச்சத்தில் கண் கூசும். குழந்தைகளோடு போனால் தேரூர் சரி. தனியாகப் போனால் நான் மணக்குடிக்குத்தான் வண்டியைத் திருப்புவேன்.