இருமல் சிரப் பாட்டிலில் சிவப்புக் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்

வீட்டுப் பெரியவர்கள் பக்கத்து மெடிக்கலுக்குப் போய் "தம்பி, இருமலுக்கு ஏதாவது குடுப்பா" என்று கேட்டு வாங்கிவருகிற பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் பொறுமையாகப் படியுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது நடக்கட்டும்.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பிரஷருக்கு ராமிப்ரில், ப்ராஸ்டேட்டுக்கு ஒரு மாத்திரை, ராத்திரி தூக்கத்துக்கு அல்பிரசோலம் 0.25. எல்லாமே மாசாமாசம் அதே கடையில்தான். கொஞ்ச நாளாக வறட்டு இருமல். சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது, நாலு வார்த்தை பேசினால் தொண்டை கமறும். சாயங்காலம் நடக்கப் போனவர் கடையில் சொல்லியிருக்கிறார். கவுண்டரில் நின்ற பையன் ஒரு பாட்டிலை எடுத்து வைத்து, "இது ஸ்ட்ராங்கு தாத்தா, மூணு வேளையும் ஒரு மூடி குடிங்க, நின்னுடும்" என்றானாம். டாக்டர் சீட்டு கேட்கவில்லை. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றும் கேட்கவில்லை. பில்லும் போடவில்லை.

இருமல் நின்றது என்னவோ நிஜம். மறுநாள் பகல் முழுக்க அப்பா தூங்கி வழிந்தார். "பாவம், இத்தனை நாள் தூக்கம் கெட்டுப் போச்சு, தூங்கட்டும்" என்றார் அம்மா. ராத்திரி வழக்கம்போல அல்பிரசோலம், கூடவே ஒரு மூடி சிரப். விடியற்காலை காபியோடு எழுப்பப் போனால் எழவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினால் கண்ணைத் திறந்து "ம்" என்கிறார், அடுத்த நொடியே மூடிக்கொள்கிறார். குறட்டை வருகிறது, நின்றுபோகிறது, நெஞ்சு அசையாமல் கிடக்கிறது, பிறகு மறுபடி ஒரு மூச்சு. 108-க்குப் போன் போட்டோம்.

கேஷுவாலிட்டி டாக்டர் முதலில் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கண்ணின் கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தபடி நெஞ்சில் கை வைத்து எண்ணினார். நிமிஷத்துக்கு எட்டு மூச்சு. பெரியவர்களுக்குக் குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும். "வேற ஏதாவது புதுசா சாப்டாராம்மா?" அம்மா பையிலிருந்த எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினார். சிரப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்ததும் டாக்டர் நர்ஸிடம் நலோக்சோன் எடுத்துவரச் சொன்னார், அபின் வகை மருந்தை முறிக்கிற ஊசி அது. ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. அந்த ஊசியின் வேலை சீக்கிரம் அடங்கிவிடும், உள்ளே போன மருந்து அதைத் தாண்டியும் இருக்கும் என்பதால் ஐசியுவில் வைத்துக் கவனித்தார்கள். சிறுநீர் வேறு அடைத்துப்போய் டியூப் போட வேண்டியதாயிற்று.

பாட்டிலில் இருந்தது கோடீனும், குளோர்பெனிரமின் என்கிற அலர்ஜி மருந்தும். 5 மில்லியில் கோடீன் 10 மில்லிகிராம். கோடீன் அபின் வகை மருந்து. கல்லீரல் அதில் ஒரு பகுதியை மார்பினாக மாற்றுகிறது, சிலர் உடம்பில் அது ரொம்ப வேகமாக நடக்கும். இருமலை அடக்குகிற அதே மருந்து மூச்சையும் அடக்கும். கூட அல்பிரசோலமோ மதுவோ சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அபின் வகையையும் இந்தத் தூக்க மாத்திரை வகையையும் சேர்த்துக் கொடுப்பது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016-லேயே தன் உச்சபட்ச எச்சரிக்கையை லேபிளில் போட வைத்தது. சிறுநீர் அடைத்ததற்குப் பெரும்பாலும் குளோர்பெனிரமின்தான் காரணம் என்றார் டாக்டர். ப்ராஸ்டேட் வீங்கியவர்களுக்கு அது ஆகாது.

"ஒரு மூடி" என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மூடியில் 2.5, 5, 10 என்று கோடு இருக்கிறது. தளும்பத் தளும்ப ஊற்றினால் பத்துக்கும் மேலே. அட்டையில் அளவு போடும் இடத்தில் "மருத்துவர் சொன்னபடி" என்று மட்டும்தான் இருக்கிறது. இங்கே மருத்துவர் யார்? அந்தப் பையன்.

கடைக்குப் போய்க் கேட்டேன். முதலாளி அலட்டிக்கொள்ளவே இல்லை. "எல்லாருக்கும் குடுக்குறதுதான் சார், உங்கப்பாவுக்கு ஒத்துக்கல போல." சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழில் உள்ள மருந்தாளுநரை நான் அந்தக் கடையில் பார்த்ததே இல்லை. கோடீனும் அல்பிரசோலமும் மருந்து விதிகளின் எச்1 பட்டியலில் உள்ளவை. 2014 மார்ச் முதல் அமலில் இருக்கிற விதி இது: சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது; எழுதிய டாக்டர், நோயாளி, மருந்து, எவ்வளவு என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். பதிவேட்டைக் காட்டுங்கள் என்றதும்தான் அவருக்குக் குரல் உயர்ந்தது. மாசாமாசம் அல்பிரசோலம் கொடுக்கிற கை, அதே ஆளுக்குக் கோடீனையும் கொடுத்திருக்கிறது. எனக்கு ஆறவே இல்லை.

போன வருஷம்வரை இருமல் மருந்து என்றால் நமக்கு வேறு பயம். 2025-ல் காஞ்சிபுரம் பக்கம் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷ ரசாயனம் இருந்து, மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்தார்கள். அதனால் எல்லோரும் கம்பெனி பெயரையும் எக்ஸ்பைரியையும் பார்க்கப் பழகிவிட்டோம். அப்பா குடித்த பாட்டில் கலப்படம் இல்லாத, சீல் உடையாத, தேதி தாண்டாத சரக்கு.

கூத்து என்னவென்றால், இருமலே ராமிப்ரிலால் வந்தது. "ப்ரில்" என்று முடிகிற பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமல் தரும். ஆரம்பித்த சில மாசம் கழித்துக்கூட வரலாம். டாக்டர் அதை நிறுத்தி "சார்ட்டன்" வகை ஒன்றுக்கு மாற்றினார். சில வாரத்தில் இருமல் தானாகப் போய்விட்டது. (இதைப் படித்துவிட்டு யாரும் நீங்களாகப் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.)

வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எச்1 மருந்தென்றால் சிவப்புக் கோடு போட்ட கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சடித்திருக்கும். அது இருந்து, உங்கள் கையில் சீட்டு இல்லை என்றால், வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஆஸ்துமா, குறட்டைத் தொல்லை, தூக்க மாத்திரை, ப்ராஸ்டேட், தாய்ப்பால் கொடுப்பது, எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். குழந்தைகளுக்குப் பெரியவர்களுடைய பாட்டிலிலிருந்து பாதி மூடி ஊற்றிக் கொடுக்கிற வேலையே வேண்டாம். இருமல், சளிக்குக் கோடீன் கலந்த மருந்தைப் பதினெட்டு வயசுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2018-லேயே நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே குடித்தவர் எழுப்பியும் எழாவிட்டால், மூச்சு விட்டுவிட்டு வந்தால், காபி கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108.

புகாரை மருந்து கட்டுப்பாட்டுத் துறையில், எங்கள் மண்டல உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்தோம். தலைமை அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. பக்கவிளைவைப் பதிய 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது. பில் இல்லாததுதான் எங்களுக்கு இப்போது பெரிய இடைஞ்சல்; கடைக்காரர் "எங்க கடை சரக்கே இல்ல" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மிச்சம் இருக்கும் பாட்டிலைப் பேட்ச் நம்பரோடு அப்படியே வைத்திருக்கிறோம், டிஸ்சார்ஜ் சம்மரியில் கோடீன் என்று எழுதி வாங்கியிருக்கிறோம். அந்த பேட்ச் யார் யார் கடைக்குப் போனது என்று மொத்த வியாபாரியின் பில்லில் தேடுவதாக மருந்து ஆய்வாளர் சொல்லியிருக்கிறார்.