பாலியா, ஜோக்ஜாவா: ஒன்பது நாளில் ஆறு நாளை ஜாவாவுக்குக் கொடுத்த கதை

இந்தோனேசியா போகிறோம் என்று சொன்னதும் வீட்டில், அலுவலகத்தில், மாடி வீட்டில் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "பாலியில எத்தனை நாள்?" பதினேழாயிரத்துக்கும் மேல் தீவுகள் உள்ள நாட்டுக்கு நம் ஊரில் பாலி என்று இன்னொரு பெயர் வந்துவிட்டது போல. எங்களிடம் இருந்தது ஒன்பது நாள். ஆறு நாளை ஜாவாவின் யோக்யகர்த்தாவுக்கும் மூன்று நாளைப் பாலிக்கும் ஒதுக்கினோம். யோக்யகர்த்தாவை அங்கே எல்லாரும் ஜோக்ஜா என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். நான், மனைவி, பத்து வயதுப் பையன், முழங்கால் வலியுள்ள அம்மா. இந்த நாலு பேரை மனதில் வைத்துப் படித்துக்கொள்ளுங்கள், தேனிலவுக்குப் போகிறவர்கள் கணக்கு வேறு.

முதலில் ஒப்பிடவே தேவையில்லாதவை. கடல் என்றால் பாலிதான், பேச்சே இல்லை. ஜோக்ஜாவுக்குத் தெற்கே பராங்த்ரீத்திஸ் கடற்கரை இருக்கிறது, மணலும் சூரியன் மறைவதும் அழகு, ஆனால் அலையும் நீரோட்டமும் ஆளை இழுக்கும், குளிக்க இறங்கக் கூடாது. தென்கடல் அரசி பச்சை உடுத்தியவர்களைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று அங்கே ஒரு நம்பிக்கை, பையன் அன்றைக்குப் பச்சை டிசர்ட் போட்டிருந்தான், ஒரு தேநீர்க்கடை அம்மா அதைக் காட்டிச் சிரித்தார். விடுதிகள், இரவு வாழ்க்கை, புகைப்படத்துக்கு ஏற்ற இடங்கள் இவற்றிலும் பாலிதான் முன்னே. பெங்களூரிலிருந்து பாலிக்கு நேரடி விமானமும் இருக்கிறது. ஜோக்ஜாவுக்குக் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ மாறித்தான் போக வேண்டும். மழையில்லாத மாதங்கள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே, மே முதல் செப்டம்பர் வரை.

அப்புறம் ஏன் ஜோக்ஜா? எனக்கு வரலாறு பிடிக்கும் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி சாலை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணக் குறிப்பு எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

பாலியை வரைபடத்தில் பார்த்தால் கைக்குள் அடங்கும் தீவு போலத் தெரியும். கடற்கரை ஊரான குத்தாவிலிருந்து தீவின் உள்ளே இருக்கும் உபுத் முப்பத்தைந்து கிலோமீட்டர்தானே, ஒரு மணி நேரம் என்று நாம் கணக்குப் போடுவோம். எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது, திரும்பி வரும்போது அதற்கும் மேல். இருவழிச் சாலை, இரண்டு பக்கமும் கடைகள், இடையில் ஊர்வலம் வந்தால் மொத்தமும் நின்றுவிடும் (ஊர்வலம் பார்க்க அழகுதான், காருக்குள் இருந்து பார்க்கும்போது கொஞ்சம் குறைவான அழகு). பேருந்தை நம்பிப் பாலி சுற்றிய குடும்பம் எதையும் நான் பார்க்கவில்லை. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாம், ஆனால் இருசக்கர வாகனத்துக்கும் செல்லுபடியாகிற சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும், அம்மாவைப் பின்னால் உட்கார வைக்கவும் முடியாது. ஆக, ஓட்டுநரோடு கார். எங்களுக்கு நாளுக்கு ஏழு லட்சம் ரூபியா ஆனது. ஒரு லட்சம் ரூபியா என்பது நம் பணத்தில் ஐந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போகும்போது செயலியில் வண்டி பிடித்து, திரும்பும்போதும் அப்படியே வரலாம் என்று நினைத்தால், சில ஊர்களில் செயலி வண்டிகள் உள்ளே வந்து ஆள் ஏற்ற உள்ளூர் ஓட்டுநர்கள் விடுவதில்லை.

இரண்டாம் நாள் உலுவாத்து பாறைமேல் ஆறு மணிக்குத் தொடங்கும் கெச்சாக் என்ற ராமாயண ஆட்டம் பார்க்க உபுத்திலிருந்து மூன்று மணிக்கே கிளம்பினோம். போய்ச் சேர்ந்தபோது ஆறு இருபது, இருக்கை எல்லாம் நிரம்பிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று "சக் சக் சக்" சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தோம். மறுநாள் போகலாம் என்றால் மறுநாளும் அதே ஐந்தாறு மணி நேரம் காருக்குள், யாருக்கும் தெம்பில்லை.

ஜோக்ஜாவில் ஒரே அறையில் ஆறு இரவும் படுத்தோம், பெட்டியைக் கட்டவே இல்லை. கிழக்கே பதினேழு கிலோமீட்டரில் பிரம்பானான் சிவன் கோயில், வடமேற்கே நாற்பதில் போரோபுதூர் பௌத்தத் தலம், வடக்கே மெராப்பி எரிமலை, ஊர் நடுவே சுல்தான் அரண்மனை. பிரம்பானானுக்கு மாலியோபோரோ தெருவிலிருந்து நகரப் பேருந்திலேயே போனோம், ஆளுக்கு இருபது ரூபாய்கூட ஆகவில்லை. கடைசி நிறுத்தத்திலிருந்து கோயில் வாசலுக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும், அம்மாவுக்கு மட்டும் பெச்சாக் பிடித்தோம், நம்ம சைக்கிள் ரிக்‌ஷாவேதான், ஆனால் ஆள் முன்னால் உட்கார வேண்டும், ஓட்டுபவர் பின்னால் இருப்பார். பக்கத்து ஊரான சோலோவுக்கு மின்சார ரயில் 8,000 ரூபியா. விமான நிலையம் மட்டும் ஊரிலிருந்து வெகு தொலைவு, அதற்கும் ரயில் விட்டிருக்கிறார்கள், முக்கால் மணி நேரத்துக்குள் ஊருக்குள் இறக்கிவிட்டது.

இந்த வசதியின் அருமை நான் ஒரு முட்டாள்தனம் செய்தபோதுதான் தெரிந்தது. போரோபுதூரில் மேலே ஏற ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று அளவு உண்டு, நேரம் குறித்து முன்கூட்டியே சீட்டு எடுக்க வேண்டும், திங்கட்கிழமை ஏற விடமாட்டார்கள். வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் போனேன். அன்றைய சீட்டு தீர்ந்துவிட்டது. கீழே சுற்றி வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம், மனைவி வழியெல்லாம் பேசவில்லை. ஆனால் ஒரு மணி நேரத் தூரம்தானே, இரண்டு நாள் கழித்துச் சீட்டோடு மறுபடி போனோம். இதே தவறைப் பாலியில் செய்திருந்தால் அவ்வளவுதான், கெச்சாக் மாதிரியே.

சரி, போரோபுதூர். எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி ஒன்பதாம் நூற்றாண்டில் சைலேந்திர மன்னர்கள் காலத்தில் கட்டி முடித்தது. உள்ளே கருவறை என்று எதுவும் கிடையாது, ஒரு குன்றின்மேல் எரிமலைக் கல்லை அடுக்கி ஆறு சதுரத் தளம், அதன்மேல் மூன்று வட்டத் தளம். வலமாகச் சுற்றிக்கொண்டே ஏற வேண்டும். 2,672 புடைப்புச் சிற்பப் பலகைகள், 504 புத்தர்கள், உச்சியில் சல்லடை போல ஓட்டை விட்ட 72 தூபிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புத்தர் உட்கார்ந்திருப்பார். பின்னால் காடும் எரிமலைச் சாம்பலும் மூடிக் கிடந்ததை 1814இல் அப்போது ஜாவாவை ஆண்ட ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் ஆளனுப்பித் துப்புரவு செய்ய வைத்தார். 1896இல் சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னர் சூலாலங்கோர்ன் வந்தபோது டச்சுக்காரர்கள் எட்டு வண்டி நிறையச் சிற்பங்களைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள்! 1985 ஜனவரியில் குண்டு வைத்ததில் ஒன்பது தூபிகள் சேதமாகி மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

நான் அதிக நேரம் நின்றது ஒரு கப்பல் சிற்பத்தின் முன்னால். பாய்மரம், பக்கவாட்டில் கவிழாமல் தாங்கும் மரக்கட்டு, மேலே ஆட்கள். வழிகாட்டி அதைக் காட்டி "கப்பால்" என்றார், பையன் திரும்பி என்னைப் பார்த்தான். இந்தோனேசிய மொழியில் கப்பலுக்கு அதுதான் சொல், நம்மிடமிருந்து போனது. கடைக்கு "கெடை". இந்தச் சைலேந்திரர் பெயரும் நமக்குப் புதிதில்லை. நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தைக் கட்டிய ஸ்ரீவிஜய மன்னர் தன்னைச் சைலேந்திர குலம் என்றுதான் சொல்லிக்கொள்கிறார், அந்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்தது செப்பேட்டில் இருக்கிறது. அதே ஸ்ரீவிஜயத்தின் மீதுதான் 1025 வாக்கில் ராஜேந்திரன் கப்பற்படை அனுப்பினான், அது சுமாத்ரா, மலாயாப் பக்கம், ஜாவா அல்ல. இங்கே வந்துவிட்டு "எல்லாம் சோழர் கட்டியது" என்று வீடியோ போடுகிறவர்களைப் பார்த்தேன். போரோபுதூர் கட்டி முடித்தபோது பிற்காலச் சோழரில் முதல்வனான விஜயாலயனே பட்டத்துக்கு வரவில்லை.

படிகள் செங்குத்து. அம்மா பாதியில் உட்கார்ந்துவிட்டார், இதை மறைக்க மாட்டேன்.

பிரம்பானானில் அவருக்கு அந்தக் குறை தீர்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவன் கோயில், 47 மீட்டர் உயரம், இரண்டு பக்கமும் பிரம்மாவும் விஷ்ணுவும், எதிரே வாகனங்களுக்குத் தனித்தனிக் கோயில், அதில் நந்தி மட்டும் இன்னும் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த வளாகத்தில் 240 கோயில்கள், இப்போது பெரும்பாலானவை கற்குவியல். 2006 நிலநடுக்கத்தில் இன்னும் கொஞ்சம் சரிந்தது. நான்கு பக்க அறைகளில் கிழக்கே சிவன், மேற்கே பிள்ளையார், வடக்கே மகிஷாசுரமர்த்தினி. வடக்கில் துர்க்கை இருப்பது அம்மாவுக்கு வெகு இயல்பாக இருந்தது, "நம்ம ஊர் மாதிரிதான்" என்று தலையாட்டினார். அந்தத் துர்க்கையைத்தான் ஜாவாக்காரர்கள் கல்லாய்ப்போன இளவரசி ரோரோ ஜொங்க்ராங் என்கிறார்கள். தன்னை மணக்கக் கேட்ட இளவரசனிடம் ஒரே இரவில் ஆயிரம் கோயில் கேட்டாளாம், 999 முடிந்ததும் பொழுது விடிந்துவிட்டது போல ஏமாற்றினாளாம், அவன் சபித்து அவளையே சிலையாக்கிவிட்டானாம். தெற்கு அறையில் தொந்தியும் தாடியுமாக அகத்தியர்! பொதிகை மலை முனிவரை இவ்வளவு தூரத்தில் பார்ப்போம் என்று அம்மா நினைக்கவேயில்லை. அங்கே நின்று கைகூப்பினார், காவலர் ஒன்றும் சொல்லவில்லை. ராமாயணம் சிவன் கோயில் சுற்றுச்சுவரின் உட்பக்கத்தில் தொடங்கிப் பிரம்மா கோயிலில் முடிகிறது, வலமாகச் சுற்றினால்தான் கதை வரிசையாக வரும். கூட்டம் எல்லாம் இங்கேயே நின்றுவிடுகிறது. வடக்கே பத்து நிமிடம் நடந்தால் செவு என்ற பௌத்தக் கோயில் தொகுதி, அதே சீட்டில் போகலாம், எங்களைத் தவிர ஆறேழு பேர்தான் இருந்தார்கள்.

பத்தாம் நூற்றாண்டில் அரசு கிழக்கு ஜாவாவுக்கு நகர்ந்தது, பிறகு மஜாபாகித் பேரரசு எழுந்தது, அதுவும் சாய்ந்து ஜாவா இஸ்லாத்துக்கு மாறியபோது அரசவையினரும் பூசாரிகளும் கலைஞர்களும் பாலிக்குப் போனதாகச் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் ஜோக்ஜாவில் பார்ப்பதும் பாலியில் பார்ப்பதும் ஒரே கதையின் முன்பாதியும் பின்பாதியும்.

பாலியிடம் ஜோக்ஜா தோற்கும் இடம் இதுதான். பிரம்பானானில் சிலை இருக்கிறது, அன்றாடப் பூசை இல்லை. பாலியில் காலையில் எழுந்து வெளியே வந்தால் நடைபாதையில், ஸ்கூட்டர் இருக்கையில், பணப்பெட்டி மேல் எல்லாம் தென்னங்குருத்துத் தட்டில் பூவும் ஊதுவத்தியும். அம்மா அதை மிதிக்காமல் நடக்கப் பட்ட பாடு தனிக்கதை. ஆனால் கோயிலுக்குள் போனதும் "மூலவர் எங்கடா?" என்றார். பாலிக் கோயில் திறந்த முற்றம், அடுக்கடுக்காய்க் கூரை வேய்ந்த மேருக்கள், மேலே ஆள் இல்லாத கல் ஆசனம், உள்முற்றம் வழிபடுகிறவர்களுக்கு மட்டும். வெளியாட்கள் மதிலுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். பழைய கல்வேலை பார்க்க ஆசைப்பட்டால் தம்பக்சிரிங் பக்கம் குனோங் காவி, பாறையைக் குடைந்த பதினோராம் நூற்றாண்டு வேலை, மூன்று நாளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுவே. முன்னூறு படிக்கு மேல் இறங்கி ஏற வேண்டும், அம்மா காரிலேயே இருந்துவிட்டார். இன்னொன்று, 1906இலும் 1908இலும் டச்சுப் படை வந்தபோது சரணடையாமல் அரச குடும்பங்கள் வெள்ளை உடுத்தி நேராகத் துப்பாக்கி முன்னால் நடந்து செத்தன. 1906இல் செத்தவர்களுக்குத் தென்பசாரில் நினைவுத் திடல் இருக்கிறது, எங்கள் ஓட்டுநர் நாங்கள் கேட்ட பிறகுதான் அங்கே நிறுத்தினார்.

செலவில் ஜோக்ஜா அறையும் சாப்பாடும் மலிவு, நுழைவுச்சீட்டு மலிவில்லை. போரோபுதூர் மேலே ஏற வெளிநாட்டவருக்கு ஆளுக்கு 455,000 ரூபியா கொடுத்தேன், வழிகாட்டியும் பாய்முடைந்த செருப்பும் அதில் சேர்த்தி. பாலியில் நாங்கள் போன கோயில்களின் சீட்டு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை, தீவுக்குள் நுழைய ஆளுக்கு 150,000 வரி மட்டும் தனி. ஆனால் கார் வாடகையைச் சேர்த்தால் பாலிதான் எங்களுக்கு நாளொன்றுக்குக் கூடுதல்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பாலி வசதி, இந்திய உணவகம் தெருவுக்குத் தெரு. ஜோக்ஜாவில் குடெக் என்று பலாமூசைத் தேங்காய்ப்பாலில் வெல்லம் போட்டு மணிக்கணக்கில் வேகவைத்த ஒன்று, பலா என்று கேட்டதும் நாங்கள் குதித்தோம். தித்திப்பாக இருக்கும், முட்டையும் கோழியும் கூடவே வரும், பக்கத்தில் வைக்கும் காரமான க்ரெசெக் மாட்டுத்தோல். "க்ரெசெக் வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சோயாவில் செய்த தெம்பேயும் தோஃபுவும் எங்களைக் காப்பாற்றின.

பாலியின் வடக்கும் கிழக்கும் நான் பார்க்காதவை. மூன்று நாளும் தெற்கிலும் உபுத்திலும் போய்விட்டது, வடக்கிலும் கிழக்கிலும் சாலை காலியாக இருக்கும் என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். ஜாத்திலுவி அடுக்கு வயல்களும் சுபாக் பாசனமும் விட்டுப்போனது எனக்கே வருத்தம். அதனால் நான் பாலியைக் குறை சொல்வதைத் தெற்குப் பாலிக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நாளுக்கு மேல் தங்கி, ஒரே கிராமத்தில் அறை எடுத்து அசையாமல் இருக்கப் போகிறவர்களுக்கு என் சாலைக் கணக்கு பொருந்தாது.

இரண்டும் போகிறவர்கள் ஜோக்ஜாவை முதலில் வையுங்கள். திங்கட்கிழமை அரண்மனையும் மூடியிருக்கும், அந்த நாளை மெராப்பி ஜீப்புக்கு ஒதுக்கிவிடலாம். பிறகு விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் பாலி, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். பையனுக்கு மட்டும் ஜாவாவின் கிழக்கு முனைக்கு ரயிலில் போய் அங்கிருந்து படகில் கடக்க ஆசை. அரை நாளுக்கு மேல் ஆகும் ரயில் என்றதும் அம்மா தன் முழங்காலைக் காட்டினார்.