சிறுநீரக நோயாளிக்குச் சீட்டில்லாமல் விற்கப்பட்ட 'சாதாரண' மலமிளக்கி: ஓர் எச்சரிக்கை

நாள்பட்ட சிறுநீரக நோயின் நான்காம் கட்டத்தில் இருக்கும் என் தாயாருக்கு, எங்கள் பகுதி மருந்துக்கடை ஒன்று மருத்துவர் சீட்டில்லாமல் மாதக்கணக்கில் விற்ற மூன்று பொருட்கள் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுவரை கொண்டு சென்றன. மூன்றிலும் இருந்தது மெக்னீசியம்.

இரும்புச்சத்து மாத்திரையும் பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் கால்சியம் மாத்திரையும் மலச்சிக்கலைத் தரக்கூடியவை. குடிநீர் அளவும் குறைக்கப்பட்டிருந்ததால் அவர் மிகவும் அவதிப்பட்டார். அதற்கு மெக்னீசியம் ஹைட்ராக்சைடு கலந்த வெள்ளைச் சிரப்பைக் கொடுத்த கடைக்காரர், நெஞ்செரிச்சலுக்கு அதே உப்பு அடங்கிய புதினா மணக்கும் ஜெல்லையும், கெண்டைக்கால் பிடிப்புக்கு மெக்னீசியம் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தார். தலைப்பில் சிறுநீரகவியல் பிரிவு என்று அச்சிட்ட சீட்டுக்கான மருந்துகளையும் நாங்கள் அதே கடையில்தான் வாங்கி வந்தோம் என்பதால், நோய் என்னவென்று கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

"கேஸ் மாத்திரையும் நீர் மாத்திரையும் சாப்பிட்டா மெக்னீசியம் இறங்கிடும்மா, அதான் கால் இழுக்குது" என்று அவர் சொன்ன விளக்கம் பாதி உண்மை என்பதுதான் இதில் கொடுமை. பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற கேஸ் மாத்திரைகளை நீண்ட காலம் எடுத்தால் குடல் மெக்னீசியத்தை உறிஞ்சுவது குறையலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே இதுபற்றி எச்சரித்திருக்கிறது. ஃபுரோசிமைடு போன்ற நீர் மாத்திரைகளும், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் உட்கொள்ளும் டாக்ரோலிமஸும் சிறுநீர் வழியாக அதை இழக்கச் செய்கின்றன. ஆனால் சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகத்தைக் காட்டும் ஜி.எஃப்.ஆர் அளவு 30-க்குக் கீழே போகும்போது, மிகுதியாக உள்ளே வரும் மெக்னீசியத்தை வெளியேற்றும் திறன் சிறுநீரகத்துக்குக் குறைந்துகொண்டே போகிறது. ஒரே நோயாளியிடம் ஒரு மருந்து மெக்னீசியத்தின் அளவைக் கீழே இழுக்க, இன்னொன்று மேலே தள்ள, எது வென்றது என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். கால் பிடிப்பை வைத்து ஊகிக்க முடியாது. தசைத் தளர்ச்சி குறைவிலும் வரும், மிகையிலும் வரும்.

தாயாருக்கு முதலில் வந்தது குமட்டலும் ஓயாத தூக்கமும். அருகிலிருந்த கிளினிக்கில் யூரியா கூடியிருக்கும் என்று கூறி வழக்கமான சிறுநீரகப் பரிசோதனையை எடுத்தார்கள். அந்தத் தொகுப்பில் யூரியா, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் எல்லாம் இருந்தன, மெக்னீசியம் இல்லை. இரத்த அழுத்தம் இறங்கி நாடித்துடிப்பும் மந்தமான பிறகு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டியபோது கால் அசையவே இல்லை. வீட்டிலுள்ள பாட்டில்கள் அத்தனையையும் எடுத்துவரச் சொல்லிவிட்டு, சீரம் மெக்னீசியத்துக்குத் தனியாக எழுதிக் கொடுத்தார். ஏறக்குறைய 1.7 முதல் 2.4 வரை இருக்க வேண்டிய அளவு டெசிலிட்டருக்கு 8.4 மில்லிகிராமாக இருந்தது. இதயத்தைக் காக்க நரம்பு வழியாகக் கால்சியம் குளுக்கோனேட் செலுத்தினார்கள். அதுவரை டயாலிசிஸ் தேவைப்படாத அவருக்கு, மெக்னீசியத்தை வெளியேற்றுவதற்காகவே டயாலிசிஸ் செய்ய வேண்டியதாயிற்று.

கடையில் போய்க் கேட்டபோது, "ஊரே குடிக்கிற மருந்துங்க இது" என்ற பதில்தான் கிடைத்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது என்று பாட்டிலில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் கடையின் விலைச் சீட்டு பாதி மறைத்திருந்தது. பில் என்று எதுவும் தந்ததில்லை, கூட்டல் போட்ட துண்டுத்தாள் மட்டும்தான். சுவரில் சான்றிதழ் மாட்டியிருக்கும் மருந்தாளுநரை நாங்கள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நோயாளிக்கு மருந்து பற்றி எடுத்துச் சொல்வதும் மருந்தாளுநரின் கடமை என்று 2015-ஆம் ஆண்டின் மருந்தகப் பணி ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. அதைக் குறிப்பிட்டு, பாட்டில்களின் படங்களோடும் டிஸ்சார்ஜ் சம்மரியோடும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் அனுப்பியிருக்கிறோம். பில் இருந்திருந்தால் புகார் இன்னும் வலுவாக இருந்திருக்கும்.

இப்போது தாயாருக்கு மலச்சிக்கலுக்கு லாக்டுலோஸ் கொடுக்கிறோம். அதில் மெக்னீசியம் இல்லை. வீட்டில் சிறுநீரக நோயாளி இருப்பவர்கள் மலமிளக்கி, அசிடிட்டி ஜெல், பேதி உப்பு, சத்து மாத்திரை எதுவானாலும் உட்பொருள் வரியில் மெக்னீசியம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். கேஸ் மாத்திரையையோ நீர் மாத்திரையையோ பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். அடுத்த முறை பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும்போது, சீரம் மெக்னீசியத்தையும் சேர்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்.