கிளாக்கோமாவுக்குக் கூட்டுச் சொட்டு மருந்து: எது யாருக்கு, ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகிறது?

கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்கு ஒரு சொட்டு மருந்து போதவில்லை என்றால் இரண்டாவது சேரும். அந்தக் கட்டத்தில்தான் "ரெண்டும் சேர்ந்த ஒரே பாட்டில் இருக்கு, அதையே போடுங்க" என்று மருத்துவர் எழுதித் தருவார். ஒரு பாட்டில் என்றால் செலவு மிச்சம், வேலையும் மிச்சம் என்றுதான் தோன்றும். வேலை மிச்சம் என்பது உண்மை. செலவு மிச்சமா என்பது பாட்டில் மேல் ஒட்டியிருக்கும் விலையில் தெரியாது. கணக்குப் போட்டால்தான் தெரியும். மருந்துகளைத் தனித்தனியாகப் பார்த்துவிட்டு அந்தக் கணக்குக்கு வருவோம்.

கிளாக்கோமாவில் நம் கைக்கு எட்டுவது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஒன்றுதான். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து. ஆரம்ப நிலை நோயாளிகளிடம் ஸ்வீடனில் நடந்த இஎம்ஜிடி ஆய்வில், அழுத்தம் 1 மி.மீ. பாதரசம் குறைந்தால் நோய் முற்றும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது. அதனால் இரண்டாவது மருந்து தரும் கூடுதல் 2, 3 மி.மீ. இறக்கத்தை அலட்சியம் செய்ய முடியாது.

கூட்டுச் சொட்டுகளில் பெரும்பாலானவற்றில் ஒரு பாதி டிமோலால் 0.5 சதவீதம். 1978 முதல் அமெரிக்காவில் அனுமதியுள்ள பீட்டா பிளாக்கர் மருந்து இது. கண்ணுக்குள் நீர் சுரப்பதைக் குறைத்து அழுத்தத்தை இறக்குகிறது. இதோடு எது சேர்கிறது என்பதைப் பொறுத்து பாட்டிலின் குணமே மாறும்.

டோர்சோலமைடு 2 சதவீதம் சேர்ந்தது கோசாப்ட் வகை. 1998இல் அனுமதி பெற்ற பழைய, நம்பகமான கூட்டு. நாளைக்கு 2 முறை. நிறைய நிறுவனங்கள் தயாரிப்பதால் பொதுவாக விலை குறைந்த கூட்டுகளில் ஒன்று. இதன் குறை எரிச்சல். கண்ணீரைவிட அமிலத்தன்மை கூடிய கரைசல் என்பதால் விட்டவுடன் சுரீரென்று எரியும். ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். நாக்கில் கசப்பும் தட்டும். எரிச்சலைத் தாங்க முடியாதவர்களுக்கு அசார்கா வகை ஏற்றது. பிரின்சோலமைடு 1 சதவீதமும் டிமோலாலும் சேர்ந்த இது அவ்வளவாக எரியாது. ஆனால் பால் போன்ற கலங்கல் திரவம் என்பதால் சில நிமிடங்களுக்குப் பார்வை மங்கும். வண்டி ஓட்டப் போகும் நேரத்தில் போடக் கூடாது.

காம்பிகன் வகையில் பிரிமோனிடின் 0.2 சதவீதமும் டிமோலாலும். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. அழுத்தத்தை நன்றாக இறக்கும். சிக்கல் பிரிமோனிடினின் ஒவ்வாமை. இது முதல் வாரத்தில் வராது. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது, சில மாதங்கள் கழித்துக் கண் சிவந்து, அரித்து, இமை தடிக்கும். "இவ்வளவு நாள் ஒத்துக்கொண்ட மருந்துதானே" என்று மெட்ராஸ் ஐ சொட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் அதிகம். பல மாதமாகப் பிரிமோனிடின் போடுபவருக்குக் கண் சிவந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த மருந்தைத்தான். வாய் உலர்வது, தூக்கக் கலக்கம் ஆகியவையும் உண்டு. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதைத் தரவே கூடாது. மூச்சு அடங்கிவிடும் ஆபத்து இருக்கிறது.

புரோஸ்டாகிளாண்டின் (பெயர் "புரோஸ்ட்" என்று முடியும் மருந்து வகை) கூட்டுகள்தான் போடுவதற்கு மிகச் சுலபம். நாளைக்கு ஒரே ஒரு முறை. லட்டானோபுரோஸ்ட்டோடு டிமோலால் சேர்ந்தது சலாகாம். டிராவோபுரோஸ்ட்டோடு சேர்ந்தது டியூவோட்ராவ். பைமட்டோபுரோஸ்ட்டோடு சேர்ந்தது கேன்ஃபோர்ட். அழுத்தத்தை இறக்குவதில் முன்னணியில் இருப்பவை இவைதான். இமை முடி நீளும், இமைத்தோல் கறுக்கும், கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பு குறைந்து கண் சற்று உள்வாங்கும். வெளிர்நிறக் கருவிழி நிரந்தரமாகக் கறுத்துவிடலாம். ஒரு கண்ணுக்கு மட்டும் போடுபவரிடம் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்; முன்கூட்டியே சொல்லிவிட வேண்டிய விஷயம். இன்னொன்று: "ரெண்டு வேளை போட்டா இன்னும் நல்லா கேக்கும்" என்ற எண்ணம் இங்கே எதிர்மாறாக வேலை செய்யும். புரோஸ்டாகிளாண்டினை நாளைக்கு ஒன்றுக்கு மேல் போட்டால் பலன் குறையும்.

டிமோலால் ஆகாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆஸ்துமா, நாள்பட்ட மூச்சிரைப்பு நோய், மெதுவான இதயத்துடிப்பு, ஹார்ட் பிளாக் (இதயத்துக்குள் துடிப்புச் சமிக்ஞை தடைபடுவது) உள்ளவர்கள் டிமோலால் கலந்த எந்தப் பாட்டிலையும் தொடக் கூடாது. கண்ணில் விடும் ஒரு சொட்டு என்ன செய்துவிடும் என்று கேட்பார்கள். 50 மைக்ரோலிட்டர் அளவுள்ள ஒரு சொட்டில் 0.25 மி.கி. டிமோலால் இருக்கிறது. கண்ணிலிருந்து அது மூக்குக்கு வடிந்து, அங்குள்ள மெல்லிய சவ்வு வழியாக நேரே ரத்தத்தில் கலக்கிறது. மாத்திரையைப் போல ஈரலில் சிதைந்து வலுவிழக்கும் கட்டமே இதற்கு இல்லை. சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் இது மறைத்துவிடும் என்பதால், இன்சுலின் போடுபவர்களும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்காக டிமோலால் இல்லாத இரண்டு கூட்டுகள் உள்ளன. ஒன்று, பிரின்சோலமைடும் பிரிமோனிடினும் சேர்ந்த சிம்பிரின்சா. அமெரிக்க லேபிளில் நாளைக்கு 3 முறை, ஐரோப்பிய லேபிளில் 2 முறை. இன்னொன்று, நெடார்சுடிலும் லட்டானோபுரோஸ்ட்டும் சேர்ந்த ராக்லாட்டன். 2019இல் வந்தது, மாலையில் ஒரு முறை. இது கண்ணை நன்றாகச் சிவக்க வைக்கும், விலையும் கூடுதல்.

இனி செலவு. ஒரு பாட்டில் எத்தனை நாள் வரும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: சொட்டின் அளவு, பெரும்பாலான பாட்டில்களைத் திறந்தபின் 4 வாரத்தில் கொட்டிவிட வேண்டும் என்ற வரம்பு. நிறுவனத்துக்கு நிறுவனம் பாட்டில் முனை வேறு. ஒரு சொட்டு 25 முதல் 50 மைக்ரோலிட்டர் வரை வரும். கண்ணோ அதிகபட்சம் சுமார் 30 மைக்ரோலிட்டரைத்தான் தாங்கும். மீதி கன்னத்தில் வழியும். அதனால் பெரிய சொட்டு விழும் பாட்டிலில் காசுதான் வழிகிறது, பலன் கூடுவதில்லை.

5 மி.லி. பாட்டிலை எடுத்துக்கொள்வோம். சொட்டு 50 மைக்ரோலிட்டர் என்றால் 100 சொட்டு. 40 என்றால் 125. 30 என்றால் 166. இரண்டு கண்ணுக்கும் நாளைக்கு 2 முறை போட்டால் 28 நாளுக்கு 112 சொட்டு தேவை. முதல் வகைப் பாட்டில் 25ஆம் நாளே காலியாகும். மூன்றாவது வகையில் 54 சொட்டு மிஞ்சும். ஆனால் 4 வாரம் தாண்டியதால் அதைக் கொட்டத்தான் வேண்டும். நாளைக்கு 3 முறை என்றால் தேவை 168 சொட்டு. 40 மைக்ரோலிட்டர் சொட்டுள்ள 5 மி.லி. பாட்டில் மூன்று வாரம்கூட முழுதாக வராது. ஒரு கண்ணுக்கு மட்டும் போடுபவர் பெரிய பாட்டில் வாங்கினால் நிறைய வீணாகும். 2.5 மி.லி. கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.

கூட்டா, தனித்தனியா என்று ஒப்பிட ஒரு மாதிரிக் கணக்கு. எண்கள் வெறும் உதாரணம். உங்கள் பில்லில் உள்ள எண்களை அந்தந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புரோஸ்டாகிளாண்டின்-டிமோலால் கூட்டின் 2.5 மி.லி. பாட்டில் விலை 150 என்போம். 50 மைக்ரோலிட்டர் சொட்டு, இரண்டு கண், நாளைக்கு ஒரு முறை: 25 நாள் வரும். நாளைக்கு 6. தனியாக வாங்கினால் புரோஸ்டாகிளாண்டின் 2.5 மி.லி. 100, அதுவும் 25 நாள், ஆக நாளைக்கு 4. டிமோலால் 5 மி.லி. 30, நாளைக்கு 2 முறை, 25 நாள், ஆக நாளைக்கு 1.20. மொத்தம் 5.20. தனித்தனியாக வாங்குவதுதான் மலிவு! இரண்டு மருந்துகளுக்கும் காப்புரிமை முடிந்து பல நிறுவனங்கள் தயாரிக்கும்போது இப்படி ஆவது சகஜம்.

அந்த 0.80 வித்தியாசத்துக்கு என்ன கிடைக்கிறது? தனியாகப் போட்டால் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து நாளைக்கு 6 சொட்டு; கூட்டில் 2. கண்ணில் விழும் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தும் பொருளும் பொதுவாகக் குறையும். கண் உலர்ச்சி உள்ளவர்களுக்கு, பல வருடம் மருந்து போட வேண்டியவர்களுக்கு, இது பெரிய லாபம். முதல் மருந்துக்கும் இரண்டாவதற்கும் நடுவே 5 நிமிடம் காத்திருக்கும் வேலையும் இல்லை. அந்த இடைவெளியை விடாமல் அடுத்தடுத்து ஊற்றினால் இரண்டாவது சொட்டு முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். தனித்தனிப் பாட்டில்களில் அன்றாடம் நடக்கும் நஷ்டம் இது. மறதி உள்ளவர்களுக்கும், வேறொருவர் கையால் மருந்து போட்டுக்கொள்பவர்களுக்கும் கூட்டுதான் சரி என்று தயங்காமல் சொல்வோம். நேரம் தவறாமல் போடுபவருக்கு, கண்ணின் மேற்பரப்பும் நன்றாக இருந்தால், மலிவான இரண்டு பாட்டில்கள் எந்த வகையிலும் குறைந்தவை அல்ல.

டிமோலாலை எப்போது போடுவது என்பதிலும் கவனம் வேண்டும். தூங்கும்போது கண்ணுக்குள் நீர் சுரப்பு தானாகவே ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் டிமோலாலுக்கு வேலை மிகக் குறைவு. ரத்த அழுத்தம் இரவில் தாழ்பவர்களுக்கு அது இன்னும் தாழவும் இடம் கொடுக்கும். அதனால் நாளைக்கு ஒருமுறை போடும் டிமோலால் கூட்டுகளைக் காலையில் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். டோர்சோலமைடும் பிரின்சோலமைடும் இரவிலும் வேலை செய்பவை. ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்குக் கண்ணில் டிமோலாலின் பலன் குறைவாகவே இருக்கும். அவர் காசு கொடுப்பது முழுக் கூட்டுக்கு, பலன் கிடைப்பது பெரும்பாலும் அதன் ஒரு பாதியில்தான்.

கூட்டு மருந்தில் நடக்கும் பெரிய தவறு, பழைய பாட்டிலை நிறுத்தாமல் விடுவது. டிமோலால் போட்டுக்கொண்டிருந்தவருக்குக் கூட்டு எழுதித் தந்தால், அவர் அதையும் இதையும் சேர்த்துப் போடுகிறார். மருந்து இரட்டிப்பாகித் தலைசுற்றலும் களைப்பும் வருகின்றன. பிராண்டு பெயரைப் பார்த்தால் இது பிடிபடாது. லேபிளில் சிறிய எழுத்தில் உள்ள இரண்டு பெயர்களைப் படியுங்கள். பெயர் "ஓலால்" என்று முடிந்தால் பீட்டா பிளாக்கர், "புரோஸ்ட்" என்று முடிந்தால் புரோஸ்டாகிளாண்டின், "சோலமைடு" என்று முடிந்தால் டோர்சோலமைடு வகை. ஒரே முடிவு இரண்டு பாட்டிலில் இருந்தால் அடுத்த வேளைக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். அதே வகையைச் சேர்ந்த அசிட்டசோலமைடு மாத்திரை சாப்பிடுபவருக்கும் சோலமைடு சொட்டு பொதுவாகத் தேவைப்படாது.

போடும் முறை. கையைக் கழுவுங்கள். அசார்கா, சிம்பிரின்சா போன்ற கலங்கல் மருந்துகளை நன்றாகக் குலுக்க வேண்டும்; இல்லையென்றால் மருந்து அடியில் தங்கி, முதல் வாரம் நீர்த்தும் கடைசி வாரம் கெட்டியாகவும் வரும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு, 15 நிமிடம் கழித்துத் திரும்ப மாட்டலாம். தலையைச் சாய்த்து, அல்லது படுத்துக்கொண்டு, கீழிமையை இழுத்துப் பள்ளம் செய்து, முனை எங்கும் படாமல் ஒரே ஒரு சொட்டு. கண்ணைச் சிமிட்டாமல், இறுக்காமல், மெதுவாக மூடி, மூக்கோரம் உள்ள கண் முனையை 2 நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். வழிந்ததைத் துடைத்துவிடுங்கள், புரோஸ்டாகிளாண்டின் கன்னத்தில் காய்ந்தால் அங்கும் தோல் கறுத்து முடி வளரும். தொண்டையில் கசப்பு தெரிந்தால் மருந்து மூக்கு வழியாக இறங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்த முறை கூடுதல் நேரம் அழுத்துங்கள். சொட்டு விழுந்ததா என்று தெரியாமல் "எதுக்கும் இன்னொண்ணு" போடுபவர்கள், பாட்டிலைக் குளிர்ச்சியாக வைத்துக்கொண்டால் விழுந்தது சில்லென்று தெரியும். உறைய விட வேண்டாம். லட்டானோபுரோஸ்ட் கலந்த பாட்டில்களில் பலவற்றைத் திறக்கும்வரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்கச் சொல்லியிருப்பார்கள். வெயிலில் கிடந்த பாட்டிலைக் கடையிலிருந்து வாங்கி வருவது காசுக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு.

திறந்த தேதியைப் பாட்டிலின் மேலேயே பேனாவால் எழுதுங்கள். அட்டைப்பெட்டியில் எழுதினால் அது இரண்டாம் நாளே குப்பைக்குப் போய்விடும்.

பரிசோதனைக்குப் போகும் இரண்டு நாளுக்கு முன் மட்டும் ஒழுங்காகப் போட்டுவிட்டுப் போனால் அழுத்தம் நன்றாகவே இருக்கும். பார்வைப் பரப்பு மட்டும் சுருங்கிக்கொண்டே போகும். மருத்துவருக்குக் காரணம் புரியாமல் மருந்தைக் கூட்டுவார், செலவும் கூடும். விட்டுப்போன நாட்களை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். விலை கட்டுப்படியாகவில்லை என்றாலும் சொல்லுங்கள்; மலிவான மாற்று பெரும்பாலும் இருக்கும்.

கூட்டும் போதாமல் மூன்றாவது பாட்டில் எழுதும் நிலை வந்தால், கண்ணுக்குள் நீர் வடியும் பாதையில் செய்யும் எஸ்எல்டி லேசர் தனக்குப் பொருந்துமா என்று கேட்பது நல்லது. 2019இல் வெளியான லைட் ஆய்வில், புதிதாக நோய் கண்டறியப்பட்டு முதலிலேயே எஸ்எல்டி செய்துகொண்டவர்களில் 74 சதவீதத்தினர் மூன்று வருடம் கழித்தும் சொட்டு மருந்து இல்லாமலே இலக்கு அழுத்தத்தில் இருந்தார்கள். ஏற்கெனவே பல மருந்து போடுபவர்களுக்கு அதே அளவு பலனை எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஒரு பாட்டில் குறைந்தாலே நாள் கணக்கு மாறிவிடும். கண்ணுக்குள் நீர் வடியும் இடமான கோணம் அடைபட்டிருக்கும் மூடிய கோண வகைக் கிளாக்கோமாவுக்குக் கணக்கே வேறு: அங்கே முதலில் கோணத்தைத் திறக்க லேசரோ அறுவை சிகிச்சையோ வேண்டும், எவ்வளவு விலையுள்ள கூட்டுச் சொட்டும் அந்த வேலையைச் செய்யாது.