2018-இன் ஐந்து குவாட்டர்பேக்குகள்: எந்த அளவுகோல் நின்றது, எது முறிந்தது

2018 ஏப்ரல் 26 அன்று டெக்சாஸின் ஆர்லிங்டனில் நடந்த என்எஃப்எல் டிராஃப்டின் (அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றிலேயே, பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்குகள் ஐந்து பேர் எடுக்கப்பட்டார்கள். முதல் ஆளாக பேக்கர் மேஃபீல்டு கிளீவ்லாந்துக்குப் போனார். சாம் டார்னால்டு 3-ஆவதாக நியூயார்க் ஜெட்ஸுக்கு, ஜாஷ் ஆலன் 7-ஆவதாக பஃபலோவுக்கு, ஜாஷ் ரோசன் 10-ஆவதாக அரிசோனாவுக்கு. லமார் ஜாக்சன் அன்றைய இரவின் கடைசிப் பெயர், 32-ஆவதாக பால்டிமோருக்கு. பிறகு 2019-இலும் 2023-இலும் எம்விபி (பருவத்தின் மிகச்சிறந்த ஆட்டக்காரர்) விருது வாங்கியவர் அந்தக் கடைசி ஆள். 2024 எம்விபி ஆலன். 10-ஆவதாகப் போன ரோசனை அவருடைய அணி ஒரே ஆண்டில் விற்றுவிட்டது.

கல்லூரி ஆட்டக்காரரை எப்படி எடைபோடுவது என்று படிக்க இந்த வரிசையே போதும். ஐவரும் ஒரே பருவத்தில், ஒரே சோதனைகள் வழியாக வந்தவர்கள். ஆனால் ஒவ்வொருவர் மீதும் இருந்த சந்தேகம் வேறு. முதலில் அன்று எல்லார் கையிலும் இருந்த எண்கள்.

| ஆட்டக்காரர் | கல்லூரி | உயரம் | எடை (பவுண்டு) | கை அளவு (அங்குலம்) | 2017 துல்லியம் (பிடிபட்ட எறிதல்கள்) |
|---|---|---|---|---|---|
| மேஃபீல்டு | ஓக்லஹோமா | 6 அடி 0⅝ | 215 | 9¼ | 70.5% |
| டார்னால்டு | யுஎஸ்சி | 6 அடி 3⅜ | 221 | 9⅜ | 63.1% |
| ஆலன் | வயோமிங் | 6 அடி 4⅞ | 237 | 10⅛ | 56.3% |
| ரோசன் | யுசிஎல்ஏ | 6 அடி 4 | 226 | 9⅞ | 62.6% |
| ஜாக்சன் | லூயிவில் | 6 அடி 2¼ | 216 | 9½ | 59.1% |

உடல் அளவுகள்: சீக்கிரம் கடந்துவிடலாம்

கையை அகல விரித்து, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை அளப்பதுதான் கை அளவு. 9 அங்குலத்துக்குக் கீழே போனால் அணிகள் முகம் சுளிக்கும். மழையிலும் குளிரிலும் பந்து நழுவும் என்பது கணக்கு. ஆனால் இந்த ஐவரில் பந்தை அதிகம் நழுவவிட்டவர் மிகச் சிறிய கை கொண்ட மேஃபீல்டு இல்லை, டார்னால்டு. 2017-இல் 13 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது) போக, 9 ஃபம்பிள்களையும் (கையிலிருந்து நழுவிய பந்து) எதிரணியிடம் பறிகொடுத்தார். காரணம் படச்சுருளிலேயே தெரியும். பாக்கெட்டுக்குள் (முன்வரிசைக் காவலர்கள் குவாட்டர்பேக்கைச் சுற்றி அமைக்கும் பாதுகாப்பு வளையம்) நகரும்போது பந்திலிருந்து இடது கையை எடுத்துவிடுவார். எறியும்போது பந்து இடுப்பு வரை இறங்கி, நீண்ட வளைவில் மேலேறும். அந்த அரை நொடியில் பின்னாலிருந்து வருபவனுக்குத் தட்டிவிட இடம் கிடைக்கும். கை சிறியதா என்று பார்ப்பதைவிட, நெருக்கடியில் இரண்டு கைகளும் பந்தின் மீது இருக்கின்றனவா என்று பார்ப்பது பயனுள்ளது.

உயரமும் அப்படித்தான். ஆறடியைத் தாண்டாதவர்களை ஒரு காலத்தில் தாளிலேயே அடித்துவிடுவார்கள். உயரம் குறைந்த குவாட்டர்பேக்குகளான டிரூ பிரீஸும் ரஸல் வில்சனும் ஆடிக் காட்டிய பிறகு அந்த விதி தளர்ந்தது. குள்ளமானவரிடம் பார்க்க வேண்டியது, முன்வரிசைக் காவலர்களுக்கு இடையே உள்ள இடைவெளியைத் தேடி ஓரிரு அடி நகர்கிறாரா என்பதை. மேஃபீல்டு நகர்வார்.

பந்தின் வேகம்? டிராஃப்டுக்கு முந்தைய சோதனை முகாமான கம்பைனில் ஆலன் எறிந்த பந்து மணிக்கு 62 மைல். அழகான எண். தேவையான அளவு வேகம் இருக்கிறதா என்பதற்குமேல் அது எதையும் சொல்லாது.

துல்லியம்: ஒரே எண்ணுக்குள் மூன்று விஷயங்கள்

இங்கேதான் பெரும்பாலானோர் தடுக்கி விழுந்தார்கள், இரு பக்கத்திலும். மொத்த எறிதலில் எத்தனை பிடிபட்டன என்ற சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கணக்கைப் பிரிக்கும் முறைக்கு ஒரு கற்பனை எண். ஒருவர் 300 முறை எறிந்தார், 168 பிடிபட்டன: 56%. அந்த 300-இல் வேண்டுமென்றே வெளியே எறிந்தது 18, கடிகாரத்தை நிறுத்தத் தரையில் அடித்தது 4, ஆட்டம் தொடங்கும் கோட்டருகே எதிரணி தட்டிவிட்டது 6. இந்த 28-ஐக் கழித்தால் 272. ரிசீவர் (பந்தைப் பிடிப்பவர்) கைக்கு வந்தும் நழுவவிட்டது 17. அதைச் சேர்த்தால் 185. இப்போது 68%. அதே ஆள், அதே பருவம்.

இதோடு விடக் கூடாது. கோட்டுக்குப் பின்னாலேயே கொடுக்கும் ஸ்கிரீன் பந்துகளைத் தனியே ஒதுக்க வேண்டும். 10 கெஜத்துக்குள், 10 முதல் 20 வரை, 20-க்கு மேல் என்று மிச்சத்தைப் பிரிக்க வேண்டும். சிறு பந்துகளிலேயே வாழ்ந்தவரின் 65 சதவீதமும், நீளப் பந்துகளாகவே எறிந்தவரின் 58 சதவீதமும் ஒரே தராசில் ஏறாது.

இத்தனையும் செய்த பிறகும் ஐவரில் ஆலன்தான் கடைசி. அதை மறைக்க முடியாது. 2017-இல் அயோவாவுக்கு எதிராக 40 எறிதல்களில் பிடிபட்டது 23, 174 கெஜம், 2 இன்டர்செப்ஷன். ஓரிகனுக்கு எதிராக 24-இல் 9, வெறும் 64 கெஜம். வலுவான எதிரணி வந்தபோதெல்லாம் சுருங்கினார் என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. மறுபக்கம், 2016-இல் அவரோடு ஆடிய ஓட்டக்காரர் பிரையன் ஹில், ரிசீவர் டானர் ஜென்ட்ரி, முன்வரிசையின் நடுவில் ஆடும் சென்டர் சேஸ் ரூலியே மூவரும் 2017-இல் வயோமிங்கில் இல்லை.

ஆனால் சதவீதம் சொல்லாதது, பந்து *ஏன்* தவறியது என்பதை. தவறுக்கு மூன்று மூலங்கள் உண்டு: தப்பான ஆளைத் தேர்ந்தெடுத்தது, கால் சரியில்லாதது, கையே சரியில்லாதது. இரண்டாவதைத்தான் பயிற்சியில் ஓரளவு திருத்த முடியும். ஆலனிடம் அதிகம் இருந்தது அதுவே. முன்னங்காலை அளவுக்கு மீறி நீட்டி வைப்பார், இடுப்பு திறக்காது, மிச்சத்தைக் கையே இழுத்துக்கொள்ளும். பந்து தலைக்குமேல் பறக்கும். பஃபலோவில் அவர் துல்லியம் முதல் ஆண்டு 52.8%, இரண்டாம் ஆண்டு 58.8%, மூன்றாம் ஆண்டு 69.2%. இடையில் ஓய்வு மாதங்களில் எறியும் முறையை உடைத்துக் கட்டினார். தாக்குதல் பயிற்சியாளர் பிரையன் டேபோலின் கீழ் ஒரே தாக்குதல் முறையில் தொடர்ந்து ஆடினார். 2020 மார்ச்சில் முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்து அணி ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸை வாங்கித் தந்தது. இந்த மூன்றும் ஒன்றாகக் கூடுவது அபூர்வம். அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் "இவர் அடுத்த ஆலன்" என்று யாரையாவது காட்டுவது எரிச்சலூட்டுகிறது. 56 சதவீதத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் 56 சதவீதத்திலேயே போனார்கள்.

ஜாக்சனின் 59.1% வேறு வகை. கால்களை நெருக்கி வைத்து எறிவதால் மைதானத்தின் ஓரத்துக்குப் போகும் பந்துகள் தவறும். நடுப்பகுதியில் நன்றாகவே எறிவார். அதாவது தவறு எங்கே நிகழும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும். முன்கூட்டித் தெரிந்த பலவீனத்தைச் சுற்றி ஒரு தாக்குதல் முறையை அமைக்கலாம்.

ஒரே எதிரணி, இரண்டு விடைகள்

மேஃபீல்டையும் டார்னால்டையும் ஒப்பிட 2017 பருவம் ஒரு நல்ல வாய்ப்பைத் தந்தது: இருவருமே ஒஹையோ ஸ்டேட்டை எதிர்கொண்டார்கள். செப்டம்பரில் மேஃபீல்டு, எதிரணியின் சொந்த மைதானத்தில், 35-இல் 27, 386 கெஜம், 3 டச்டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டுக்குள் பந்தைச் சேர்ப்பது), வெற்றி 31-16. டிசம்பரில் காட்டன் கிண்ண ஆட்டத்தில் டார்னால்டு எட்டு முறை வீழ்த்தப்பட்டார், பந்தை மூன்று முறை பறிகொடுத்தார், ஒன்றை எதிரணி டச்டவுனாகவே மாற்றியது, தோல்வி 24-7.

ஆளை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதினால் தப்பாகும். ஓக்லஹோமாவின் அன்றைய முன்வரிசைக் காவல் நாட்டின் தலைசிறந்தவற்றில் ஒன்று. அதன் பயிற்சியாளர் லிங்கன் ரைலியின் முறையில் ரிசீவர்கள் ஆளில்லா வெளியில் நிற்பார்கள். எனவே மேஃபீல்டைப் பார்க்கும்போது எளிய பந்துகளை ஒதுக்கிவிட்டு, எதிரணிக் காவலருக்கும் ரிசீவருக்கும் இடையே ஒரு கெஜமே இருந்த எறிதல்களை மட்டும் எண்ண வேண்டும். அதிலும் அவர் தேறினார். டார்னால்டின் எட்டு வீழ்ச்சிகளில் எத்தனை முன்வரிசையின் தவறு, எத்தனை அவர் பந்தைப் பிடித்துக்கொண்டே நின்றதால் வந்தவை என்று ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். கடிகாரத்தை வைத்துப் பாருங்கள்: பந்து கைக்கு வந்து மூன்று நொடி கழித்து விழுந்தால், பெரும்பாலும் பழி எறிபவருடையது.

முதல் திட்டம் உடைந்த பிறகு

ரோசனைப் பற்றி அன்று எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: உடனே தொழில்முறை ஆட்டத்துக்குத் தயாரானவர். கால் அடிகள் பாடநூல் மாதிரி, எறிதல் வழுவழுப்பு. பாக்கெட் சுத்தமாக இருந்தால் ஐவரில் அழகானவர் அவரே. பாக்கெட் இடிந்தால்? நின்ற இடத்திலேயே விழுவார், அல்லது அவசரத்தில் எறிவார். தப்பித்து வெளியேறி இரண்டாவது ஆட்டத்தை உருவாக்கும் திறன் இல்லை. தோள்பட்டை, தலைக் காயங்களின் வரலாறும் சேர்ந்தது.

ஆலனிடமும் ஜாக்சனிடமும் நேர் எதிர். முதல் ரிசீவர் மூடப்பட்டு, காவல் உடைந்த பிறகுதான் ஆட்டமே தொடங்கும். ஆலன் 237 பவுண்டு உடம்போடு ஒருவனை உதறிவிட்டு, கண்ணைக் கீழே இறக்காமல் 40 கெஜம் தள்ளி எறிவார். ஜாக்சன் 2017-இல் 1,601 கெஜம் ஓடி 18 டச்டவுன் போட்டார். இந்த ஓட்டக் கணக்கில் ஒரு சூட்சுமம்: கல்லூரி ஆட்டத்தில் குவாட்டர்பேக் வீழ்த்தப்படும்போது இழக்கும் தூரமும் ஓட்டத்திலிருந்து கழிக்கப்படும், என்எஃப்எல்லில் அப்படி இல்லை. எனவே உண்மையில் ஓடியது அந்த எண்ணைவிட அதிகம்.

ஜாக்சனை ரிசீவராக மாற்ற வேண்டும் என்ற பேச்சு அன்று வெளிப்படையாகவே ஓடியது. லூயிவிலில் பயிற்சியாளர் பாபி பெட்ரினோவின் முறை தொழில்முறைச் சாயல் கொண்டது. அதில் ஜாக்சன் பாக்கெட்டில் நின்று ரிசீவர்களை வரிசையாகப் பார்த்து எறிந்த ஆட்டங்கள் ஏராளம். ஓடும் காட்சிகளின் தொகுப்பை மட்டும் பார்த்தவர்களுக்கு அது கண்ணில் படவில்லை. கம்பைனில் அவர் 40 கெஜம் ஓட மறுத்ததும், ரிசீவர் பயிற்சி செய்ய மறுத்ததும் புத்திசாலித்தனம் என்றே சொல்வேன்.

இதைச் சொந்தமாகச் சோதிக்க வழி எளிது. ஒருவரின் நான்கு ஆட்டங்களை எடுங்கள்: மிக வலுவான எதிரணி, மோசமான தோல்வி, வெளியூர் ஆட்டம், மழையோ காற்றோ அடித்த ஆட்டம். 22 பேரும் தெரியும் உயரக் கோணப் பதிவு கிடைத்தால் நல்லது. தொலைக்காட்சிக் கோணத்தில் எதிரணியின் பின்காவலர்கள் சட்டத்துக்கு வெளியே இருப்பதால், எறிந்த முடிவு சரியா என்று சொல்ல முடியாது. மூன்றாவது முயற்சியில் (10 கெஜம் முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு) 7 கெஜத்துக்குமேல் தேவைப்பட்ட ஆட்டங்களை முதலில் பாருங்கள். எதிரணிக்கும் எறியப்போவது தெரியும், ஒளிய இடமில்லை. ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டியது: முதல் ரிசீவர் திறந்திருந்தாரா, இல்லையென்றால் கண் எங்கே போனது, கால் கூடவே திரும்பியதா, பந்து சரியான தோளுக்குப் போனதா. பிடிபட்டதா என்பதைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் எழுதினால் அதுவே மற்ற பதில்களை வளைத்துவிடும்.

கொடுத்த விலையும் போய்ச் சேர்ந்த வீடும்

டிராஃப்டு வரிசையில் முன்னே போக, அணிகள் தங்கள் மற்ற தேர்வு உரிமைகளை விலையாகக் கொடுக்கும். ஜெட்ஸ் 6-இலிருந்து 3-க்கு ஏற, மூன்று இரண்டாம் சுற்றுத் தேர்வுகளைக் கூடுதலாகக் கொடுத்தது. பஃபலோ 12-இலிருந்து 7-க்கு ஏற 53, 56-ஆவது தேர்வுகள் இரண்டையும் கொடுத்தது. அரிசோனா 15-இலிருந்து 10-க்கு 79, 152. பால்டிமோர் 52, 125, அடுத்த ஆண்டின் இரண்டாம் சுற்று ஆகியவற்றைக் கொடுத்து 32-ஐயும் 132-ஐயும் வாங்கியது. 33-க்குக் காத்திருக்காமல் 32-ஐ வாங்கியதில் அர்த்தம் உண்டு: முதல் சுற்று ஒப்பந்தத்தில் மட்டுமே ஐந்தாம் ஆண்டை அணி தன் விருப்பப்படி நீட்டிக்க முடியும்.

விலையைவிட வீடு முக்கியம். ரோசன் போன அரிசோனாவில் தாக்குதல் பயிற்சியாளர் பருவத்தின் நடுவிலேயே நீக்கப்பட்டார், தலைமைப் பயிற்சியாளர் ஓராண்டில் போனார், ரோசனின் கணக்கு 14 ஆட்டங்களில் 11 டச்டவுன், 14 இன்டர்செப்ஷன். 2019-இல் அதே அணி முதல் தேர்வில் குவாட்டர்பேக் கைலர் மர்ரியை எடுத்து ரோசனை மயாமிக்குத் தள்ளியது. மேஃபீல்டு கிளீவ்லாந்தில் மூன்று பருவங்களுக்குள் நான்கு தலைமைப் பயிற்சியாளர்களைப் பார்த்தார். டார்னால்டு ஜெட்ஸில் வாடி, 2024-இல் மின்னசோட்டாவில் 35 டச்டவுன் போட்டு அணியை 14 வெற்றிகளுக்கு அழைத்துப் போனார். அதே ஆண்டு டாம்பாவில் மேஃபீல்டு 41. பால்டிமோரோ 2019-இல் கிரெக் ரோமனிடம் தாக்குதல் பயிற்சியாளர் பொறுப்பைக் கொடுத்து, முழு முறையையும் ஜாக்சனைச் சுற்றியே கட்டியது; விளைவு 36 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன்.

2018 ஏப்ரலில் கையிலிருந்த தகவலை மட்டும் வைத்து வரிசை போடச் சொன்னால்: மேஃபீல்டு, ஜாக்சன், டார்னால்டு, ஆலன், ரோசன். ஆலனை நான்காவதாக வைப்பது இன்று கேலிக்குரியதாகத் தெரியலாம். இருந்தாலும் அந்தக் கால் அடிகளோடும் ஓரிகன் ஆட்டத்தோடும் வந்த ஒருவருக்கு 7-ஆவது இடமும் இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளும் அதிகம்தான். முதல் சுற்றின் பின்பாதியில், உடனே களமிறக்க வேண்டிய கட்டாயம் இல்லாத அணி என்றால் எடுக்கலாம். பஃபலோவும் முதல் ஆட்டத்தை இன்னொரு குவாட்டர்பேக்கான நேதன் பீட்டர்மேனிடம்தான் கொடுத்தது. அந்த ஏற்பாடு இரண்டாவது வாரம் வரைகூட நீடிக்கவில்லை.